பழைய பக்கத்தை அழிப்பதா, முத்திரையிட்டு வைப்பதா?

கேள்வி: 11-02-2024

அரசு இணையதளங்களில் குப்பை சேர்ந்துகொண்டே போகிறது. 2016-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி, மாறுதலாகிப் போன அதிகாரியின் தொலைபேசி எண், நின்றுபோன திட்டத்தின் விண்ணப்பப் படிவம் என்று எதைத் தேடினாலும் பழையதே முதலில் வந்து நிற்கிறது. மூன்று ஆண்டுகளைக் கடந்த எதுவும் தானாகவே அழிந்துவிடும்படி ஏற்பாடு செய்தால் என்ன? இந்த வேலையைச் செய்தவர்கள் சொல்லுங்கள்.

12-02-2024, இரவு 9.40

எட்டு ஆண்டுகளாக ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இணையதள உள்ளடக்கத்தைக் கவனித்து வருகிறேன். எந்த மாவட்டம் என்பது இங்கே தேவையில்லை. உங்கள் எரிச்சல் நியாயமானது, ஆனால் நீங்கள் சொல்லும் தீர்வு தவறு என்றே நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்து விளக்க ஒரு சம்பவம் போதும்.

சென்ற ஆண்டு ஒரு தாயார் இரண்டு பேருந்து மாறி வந்து, என் மேசையின் மீது ஒரு தாளை விரித்தார். பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரின்ட் அவுட். வலப்பக்க ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று எழுத்துகள் வெட்டுப்பட்டிருந்தன. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண நிதியுதவித் திட்டம் பற்றிய எங்கள் தளத்தின் பக்கம் அது. பட்டம் படித்த பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும், வருமான உச்சவரம்பு 72,000 ரூபாய் என்பது வரை எல்லாம் சரியாகவே இருந்தது. அந்தத் திட்டம் 2022-ஆம் ஆண்டே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் என்ற பெயரில் தொடங்கியும் விட்டது என்பது மட்டும் அதில் இல்லை. அவர் மகள் படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாதம் 1,000 ரூபாய் தரும் புதிய திட்டமும் அவளுக்குப் பொருந்தாது. தாளின் அடியில், “கடைசியாகப் புதுப்பித்த நாள்” என்ற இடத்தில், அதற்கு முந்தைய நாளின் தேதி இருந்தது. “நேத்துதானேங்க மாத்தியிருக்கீங்க, அப்புறம் எப்படிப் பழசுன்னு சொல்றீங்க?” என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இது உங்கள் பக்கத்து வாதம். ஆனால் அதே வாரத்தில் இன்னொருவர் வந்தார். திட்டம் நடைமுறையில் இருந்தபோது விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டவர். எந்த விதியின்படி நிராகரித்தீர்கள் என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு கொடுத்திருந்தார். அவருக்குக் காட்டுவதற்கு எங்களிடம் எளிதாகக் கைக்குக் கிடைத்தது அந்தப் பழைய பக்கம்தான். ஒருவருக்குக் கேடாக அமைந்த பக்கமே இன்னொருவருக்கு ஆதாரமாக நின்றது. மூன்று ஆண்டுக் கணக்கு இந்த இருவரில் எவருக்கும் உதவாது. பக்கத்தை வைத்துக்கொண்டே, திட்டம் முடிந்துவிட்டது என்று அதன் தலையில் முத்திரையிடுவதுதான் இருவருக்கும் உதவும்.

13-02-2024

மேலும் ஒன்று: அழிப்பது சட்டப்படியும் ஆபத்தானது. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், கணினி வழியாக உருவான எதையும் ஆவணம் என்றே கருதுகிறது. விதிமுறைக்கு மாறாக அழிப்பவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே தானியங்கி அழிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

15-02-2024

முந்தைய குறிப்பில் அவசரப்பட்டுவிட்டேன். அந்தச் சட்டம் மத்திய அரசு, ஒன்றியப் பிரதேச நிர்வாகங்கள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் போன்றவற்றுக்கே பொருந்தும். மாநில அரசின் கீழ் வரும் எங்கள் அலுவலகத்தை அது கட்டுப்படுத்தாது. புதுச்சேரியில் இதே நாற்காலியில் அமர்ந்திருப்பவரைக் கட்டுப்படுத்தும். கடலூரில் செய்தால் நிர்வாகக் குறைபாடு, பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளிச் செய்தால் குற்றம் என்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தபோது கண்ணில் பட்ட இன்னொன்று: 1892-க்கு முன் உருவான ஆவணம் எதையும், இனிப் பயன்படுத்தவே இயலாத அளவுக்குச் சிதைந்தாலன்றி, அழிக்கக் கூடாது. அந்த ஆண்டுக்கு முன் பதிவேற்றிய பக்கம் எவரிடமாவது இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.

எங்களுக்குச் சட்டம் இல்லை என்பதால் முறையே இல்லை என்று பொருளல்ல. முறை வேறிடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.

18-02-2024, மாலை

காகிதக் கோப்புகளுக்கு எங்கள் அலுவலகங்களில் நெடுங்காலமாக ஒரு பழக்கம் உண்டு. கோப்பு முடிந்தவுடன், அதன் ஆயுள் எவ்வளவு என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடுவோம். நி.மு. என்றால் நிரந்தரம், ப.மு. என்றால் பத்தாண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ஓ.மு. என்றால் ஓராண்டு. கோப்பை முடிப்பவரே அந்த எழுத்தை இட்டுப் பதிவறைக்கு அனுப்புவார். பதிவறை எழுத்தருக்குத் தனியாக யோசிக்க வேண்டிய வேலை இல்லை. ஆண்டு வந்ததும் உரிய கட்டை எடுத்து, அனுமதி பெற்று, அழிப்பார். நான் பணியில் சேர்ந்த புதிதில் ஆறு மாதம் பதிவறையில்தான் இருந்தேன். தூசியில் தும்மியதைத் தவிர ஒன்றும் கற்கவில்லை என்று அப்போது எண்ணினேன்.

இணையதளத்தில் இந்த எழுத்தை யாருமே இடுவதில்லை. பதிவேற்றும் நாளில் எல்லோரும் இருக்கிறோம்; பிரிவு அலுவலர் கூப்பிட்டு “போட்டாச்சா?” என்று இருமுறை கேட்பார். எடுக்க வேண்டிய நாளில் எவரும் கேட்பதில்லை. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009-இல் முதலில் வந்தபோதே, ஒவ்வொரு துறையும் உள்ளடக்கக் காப்பகக் கொள்கை ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருந்தது. 2023-இல் வந்த மூன்றாம் பதிப்பு வரை அது தொடர்கிறது. பல தளங்களில் அந்தக் கொள்கை ஒரு பக்கமாகவே இருக்கிறது. அந்தக் கொள்கைப் பக்கமே எப்போது காலாவதியாகும் என்பதுதான் அதில் எழுதப்படாத ஒரே விஷயம்.

என் கணக்கில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. அரசாணையும் நிலம் தொடர்பான அறிவிக்கையும் நி.மு.; அவற்றைத் தளத்தை விட்டு எடுக்கும் பேச்சே கூடாது. ஒப்பந்தப்புள்ளி, முடிவுத் தேதியன்று காப்பகத்துக்குப் போக வேண்டும். கணக்குத் தணிக்கையில் எழும் ஆட்சேபங்கள் தீரும் வரை அங்கே இருக்க வேண்டும். இரத்ததான முகாம் அறிவிப்பு ஓ.மு.வுக்குக் கூடத் தகுதியற்றது. அதிகாரியின் தொலைபேசி எண்ணைக் காப்பகப்படுத்தவே வேண்டாம், திருத்தினால் போதும். முதியோர் உதவித்தொகைப் பக்கம் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். 2023-இல் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தபோது, எண்ணை மட்டும் மாற்றிவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு பெரியவர், சித்திரை மாதத்திலிருந்தே 200 ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று மனு கொடுத்தார். உயர்வு அவ்வாண்டு ஆகஸ்டிலிருந்துதான் என்பதை நான் எழுதவில்லை. பழைய எண்ணை அழித்ததால், எப்போதுமே 1,200 ரூபாயாக இருந்தது போல அந்தப் பக்கம் பேசியது. ஆக, திருத்துவதும் ஒருவகை அழிப்புதான். “இந்தத் தேதி வரை இவ்வளவு” என்ற ஒரு வரியை அதன் பிறகு சேர்த்தேன்.

19-02-2024

“காலம் பார்த்து அல்ல, பயன் பார்த்து என்கிறீர்கள்; அதை யார் பார்ப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தை எழுதிக் கொடுத்த பிரிவுதான் பார்க்க வேண்டும். நான் பார்க்கக் கூடாது. தங்கத்தின் கிராம் கணக்கு எனக்கு எப்படித் தெரியும்?

03-03-2024

தானியங்கி ஏற்பாட்டை முற்றிலும் பழித்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. மாவட்டத் தளங்கள் இன்று இயங்கும் எஸ்-த்ரீ-வாஸ் என்ற பொதுவான இணையதளக் கட்டமைப்பில், அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் என இரு கட்டங்கள் உண்டு. முடிவு நாள் கடந்தால் அறிவிப்பு முன்பக்கத்திலிருந்து விலகிக் காப்பகப் பட்டியலுக்குத் தானே போய்விடும். அழிவதில்லை, இடம் மாறுகிறது. கேள்வி கேட்டவர் விரும்புவது இதுவானால் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் கட்டத்தை நிரப்புவது மனிதன்தான். ஒருமுறை ஆட்சேர்ப்பு அறிவிப்பு ஒன்றுக்கு முடிவு நாள் ஜூன் 5. நான் நாளையும் மாதத்தையும் மாற்றி, மே 6 என்று இட்டுவிட்டேன். மே 7 காலையில் அறிவிப்பு காணாமல் போனது. பணியிடங்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு அறிவிப்பை எடுத்துவிட்டார்கள் என்று மாலைக்குள் வாட்சப்பில் செய்தி பரவியது. நான்கு நாள்கள் கழித்து, ஒரு விண்ணப்பதாரரின் தந்தை நேரில் வந்து சத்தம் போட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. காப்பகப் பட்டியலில் அது அப்படியே இருந்தது. அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இதற்கு நேர்மாறாக, தொந்தரவே வேண்டாம் என்று முடிவு நாளை 2050 என இட்டு வைக்கும் அலுவலகங்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்வதில்லை. அந்த மே மாதத்துக்குப் பிறகு எனக்கும் அந்த ஆசை வந்தது.

17-03-2024

நேற்று மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததால், தளத்திலிருந்து அமைச்சர்களின் படங்களை நீக்க வேண்டும். மாலைக்குள் முடித்துவிட்டோம். எட்டு ஆண்டுகளில் எங்கள் அலுவலகம் ஒரு நாளில் முடிக்கும் உள்ளடக்க நீக்கம் இது ஒன்றுதான். யார் பொறுப்பு, எதை நீக்குவது, எந்த நாளுக்குள், செய்யாவிட்டால் யார் கேட்பார் என்ற நான்கும் தெளிவாக இருப்பதே காரணம். திருமண நிதியுதவிப் பக்கத்துக்கு இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

24-03-2024

இதுவரை அழிக்காதீர்கள் என்று எழுதி வந்தவன், இன்று ஒரு விஷயத்தில் மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. பயனாளிகள் பட்டியல்களை அழிக்கத்தான் வேண்டும்.

வெளிப்படைத்தன்மைக்காக என்று ஒரு காலத்தில் எல்லாவற்றையும் ஏற்றினோம்: பெயர், தந்தை பெயர், தெரு, கைபேசி எண், சில பட்டியல்களில் வங்கிக் கணக்கு எண்ணும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு கேட்கிறது என்று சொல்லிக்கொண்டோம். அது மானியம் பெற்றவர் விவரத்தைக் கேட்கிறதே அன்றி, கணக்கு எண்ணைக் கேட்கவில்லை. இது ஏதோ எங்கள் ஊர்க் கூத்து மட்டுமல்ல. மத்திய, மாநில அரசுத் துறைகளும் கல்வி நிறுவனங்களுமாகச் சுமார் 210 தளங்களில் ஆதார் விவரங்கள் வெளியாகியிருந்தன என்பதை 2017-இல் ஆதார் ஆணையமே ஒப்புக்கொண்டது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் சட்டம் சொல்லி ஓராண்டு ஆகியும் நிலைமை அதுதான்.

அழிப்பதிலும் ஒரு பாடம் பெற்றேன். ஒரு வட்டத்தின் பட்டியலை நீக்கச் சொன்னார்கள். பக்கத்திலிருந்து இணைப்பை எடுத்துவிட்டு, நீக்கியாயிற்று என்று கோப்பில் எழுதினேன். ஆறு மாதம் கழித்து வேறொன்றுக்காக ஒரு கிராமத்தின் பெயரைக் கூகுளில் தேடியபோது, அந்த பிடிஎஃப் முதல் முடிவாக வந்து நின்றது. கதவை எடுத்திருந்தேன், வீடு அப்படியே இருந்தது. கோப்பைச் சேமிப்பகத்திலிருந்தே நீக்கி, தேடுபொறியில் இருக்கும் நகலை அகற்றவும் தனியாக வேண்டுகோள் கொடுக்க வேண்டும். இன்னொரு பிரிவு அதே பட்டியலை வேறு பெயரில் ஏற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்களிடம் மூன்று இருந்தன.

எதை, எந்த நாளில், யார் உத்தரவின் பேரில் நீக்கினோம் என்று ஒரு பதிவேடு இப்போது வைத்திருக்கிறேன். பதிவேட்டில் பட்டியலின் தலைப்பு மட்டுமே இருக்கும், பெயர்கள் இராது. முதல் மாதம் பெயர்களையும் எழுதி வைத்தேன் என்பதை வெட்கத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

02-04-2024

“வேபேக் மெஷினில் எல்லாம் இருக்கிறதே, நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்?” என்ற கேள்விக்கு: எல்லாம் இல்லை. பழைய இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் அந்தச் சேவை போற்றத்தக்கது. நானே பலமுறை எங்கள் பழைய பக்கங்களை அங்கிருந்துதான் மீட்டிருக்கிறேன். ஆனால் முகப்புப் பக்கம் கிடைக்கும், இணைப்பு பிடிஎஃப் கிடைக்காது. தேர்வு செய்து பார்க்க வேண்டிய பட்டியல்கள் வெறும் கட்டமாக நிற்கும். எங்கள் பதிவறையின் சாவியை ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் தூங்குவது சரியா என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் இதை அரசே செய்கிறது: அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகம் அரசுத் தளங்களைத் தொடர்ந்து படியெடுத்து வைக்கிறது. 2012-இல் தொடங்கிய அவர்களின் ஒருங்கிணைந்த அரசுத் தளத்தில், காலாவதியான வழிகாட்டுதல் ஒன்றைத் திறந்தால், இந்த நாளில் திரும்பப் பெறப்பட்டது என்ற பட்டை தலையிலேயே இருக்கும். கீழே பழைய வாசகம் அப்படியே இருக்கும். நான் முத்திரை என்று சொல்வது இதைத்தான்.

28-04-2024

தேர்தல் வேலையில் மூன்று வாரம் இங்கே வர முடியவில்லை.

காப்பகம் என்று ஒன்று இருந்தாலும் அதில் தேட முடியாவிட்டால் என்ன பயன் என்ற கேள்வி, தமிழுக்கே உரிய தலைவலி ஒன்றைத் தொடுகிறது. கணினியில் தமிழ் எழுத்துகளைப் பதிவதற்கு, தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16 குறியீட்டையும் தர நிர்ணயமாக அறிவித்தது. அதற்கு முன்னும், உண்மையைச் சொன்னால் அதற்குப் பின்னும், எங்கள் தட்டச்சு யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில்தான் நடந்தது. அந்த பிடிஎஃப்பைத் திறந்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் ஐரோப்பியக் குறிகளும் கலந்த கூழ் வரும். “குடிமராமத்து” என்று தேடினால், அந்தச் சொல் இருபது முறை வரும் சுற்றறிக்கையும் அகப்படாது. ஆக எங்கள் காப்பகத்தில் பாதி, பூட்டு இல்லாத, ஆனால் விளக்கும் இல்லாத அறை.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி ஏற்றிவிடலாம் என்று ஒரு பயிற்சி மாணவர் உற்சாகமாகத் தொடங்கினார். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்த அரசாணை ஒன்றில் ஒற்றுகள் சில இடம் மாறியிருந்தன. பின்ன எண்கள் காணாமலே போயிருந்தன. கையெழுத்தான ஆவணத்தில் ஒரு பின்னம் மாறினால் அது வேறு ஆவணம். எனவே மூலத்தை அப்படியே வைத்து, மேலே யூனிகோடில் தலைப்பு, நாள், எண், இரண்டு வரிச் சுருக்கம் மட்டும் எழுதுகிறோம். தேடலுக்கு அது போதும்.

மாவட்டங்கள் பிரிந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தாய் மாவட்டத் தளத்தில் இருந்த அந்த வட்டங்களின் பழைய பக்கங்கள் இனி எங்கள் பொறுப்பல்ல என்று எடுத்துவிடுவது எளிது. ஆனால் 2012-ஆம் ஆண்டு அறிவிப்பு ஒன்றைத் தேடும் தென்காசிக்காரர் திருநெல்வேலித் தளத்துக்குத்தானே போக வேண்டும்? அப்போது அவர் அந்த மாவட்டத்துக்காரர். மாவட்டத் தளங்களின் முகவரியில் நடுவே இருந்த “டிஎன்” மறைந்தபோதும் இதே இழப்புதான்: பழைய முகவரியைத் தங்கள் கோப்பில் மேற்கோள் காட்டிய பலருக்கும் இன்று வெற்றுப் பக்கமே கிடைக்கிறது. பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குக் கொண்டுபோகும் ஒரு வழிமாற்று இட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

09-06-2024

நடத்தை விதிகள் விலகிவிட்டன, படங்கள் திரும்பிவிட்டன. இந்த இடைவெளியில் திருமண நிதியுதவிப் பக்கத்துக்கு முத்திரையிட்டோம். சமூக நலப் பிரிவு ஒப்புதல் தந்த வாசகம் இது: “இத்திட்டம் 2022-இல் மாற்றியமைக்கப்பட்டது. இப்பக்கத்தின் அடிப்படையில் விண்ணப்பிக்க இயலாது. முன்னர் விண்ணப்பித்தவர்களின் பார்வைக்காக மட்டும் வைக்கப்பட்டுள்ளது. தற்போதைய திட்டத்தைக் காண இங்கே அழுத்தவும்.” முதல் வரைவில் “வழக்கொழிந்தது” என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாயாருக்கு அது என்ன புரியும் என்று கேட்டு மாற்றினோம்.

30-06-2024

மீண்டும் ஒரு பிரின்ட் அவுட் வந்தது. அதே பக்கம், வேறு ஊர், ஒரு தந்தை. முத்திரையிட்டு மூன்று வாரம் ஆகிறதே என்று தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே வெள்ளை இடம்; முத்திரை இல்லை. சிவப்புப் பட்டையையும் எழுத்தையும் சேர்த்து ஒரே படமாகச் செய்து, அதைப் பக்கத்தின் பின்னணியாக வைத்திருந்தார்கள். அச்சிடும்போது உலாவி பின்னணிப் படங்களை வழக்கமாக விட்டுவிடும். திரையில் பார்ப்பவருக்கு மட்டும்தான் திட்டம் முடிந்திருந்தது. பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துத் தாளாக வாங்குபவருக்கு அது இன்னும் நடந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே படத்தை எடுத்துவிட்டு, முத்திரையை வெறும் கறுப்பு எழுத்தில், பக்கத்தின் முதல் பத்தியாக வைத்தேன். தேடல் முடிவிலேயே தெரியட்டும் என்று தலைப்பிலும் “முடிவுற்ற திட்டம்” என்று சேர்த்தேன். பிறகு நானே அச்சிட்டுப் பார்த்தேன். வலப்பக்க ஓரத்தில் இன்னமும் இரண்டு எழுத்துகள் வெட்டுப்படுகின்றன. “விண்ணப்பிக்க இயலாது” என்பதில் “லாது” தாளுக்கு வெளியே போய்விட்டது. நாளை வரியை மடக்கி எழுத வேண்டும்.